சிரித்த இடத்தைக் குறித்து வையுங்கள்: குற்றமும் சிரிப்பும் கலந்த படத்துக்குத் தோட்டத்தில் கருத்துத் திரட்டும் முறை

மலையகத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ படம் போட்டு முடித்ததும் "படம் எப்படி?" என்று கேட்டால் வருகிற பதில் "பரவாயில்ல." அடிதடிப் படத்துக்கும் அதுதான், குடும்பப் படத்துக்கும் அதுதான். ஆள்கடத்தலும் கொலையும் நடந்துகொண்டிருக்கும்போதே சபை விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு படத்துக்கு அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த வகைப் படத்தில் கருத்து என்பது யார் எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் சிரிக்காமல் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார் என்பதுதான். அதைப் பிடிக்கிற வழிதான் கீழே.

வாசகர் வட்டம், இளைஞர் கழகம், பாடசாலை ஊடகக் குழு என்று எது நடத்தினாலும் சரி. 30 முதல் 40 பேர், ஓர் இரவு, மறுநாள் பகல், பிறகு எழுத இரண்டு மாலை. வேலை செய்ய நான்கு பேர் வேண்டும்: படம் ஓட்ட ஒருவர், குறிப்பெடுக்க இருவர், சீட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். குறிப்பெடுப்பவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.

படம் தெரிவு செய்வது

தமிழ்ப் படத்தில் சிரிப்புக்குத் தனித் தண்டவாளம் போடுவது நெடுநாள் வழக்கம். என். எஸ். கிருஷ்ணன் - டி. ஏ. மதுரம் காலத்திலிருந்து கவுண்டமணி - செந்தில், வடிவேலு வரை கதை ஒரு பக்கம் போகும், சிரிப்பு இன்னொரு பக்கம் வந்து போகும். நாம் பேசுகிற படத்தில் சிரிக்க வைப்பதற்கென்று ஒருவரும் கிடையாது. குற்றம் செய்கிறவனே, அதை மிகவும் கவனமாகச் செய்துகொண்டிருக்கும்போதே, சிரிப்புக்கு ஆளாகிறான். 2013 இல் நலன் குமாரசாமி இயக்கி வந்த 'சூது கவ்வும்' இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்: சட்டதிட்டம் வைத்து ஆள் கடத்துகிற ஒரு சிறு கூட்டம், கண்ணுக்குத் தெரியாத பெண்ணோடு பேசுகிற அதன் தலைவன். வடிவேலு வருவார் என்று எதிர்பார்த்து வந்து உட்கார்ந்தவருக்கு முதல் அரை மணி நேரம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். அந்தத் தடுமாற்றமும் குறித்துவைக்க வேண்டிய கருத்துதான்.

இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் போகிற படத்தை எடுக்காதீர்கள். இந்தியத் தணிக்கைச் சான்றிதழில் 'ஏ' இருந்தால் பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம். பிள்ளைகளை விட முடியாவிட்டால் தாய்மாரில் பாதிப்பேர் வரமாட்டார்கள், ஆகவே சபையே மாறிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். உரிமை விஷயத்தையும் முதலிலேயே முடியுங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொது இடத்தில் படம் காட்டுவது உரிமையாளரின் அனுமதிக்கு உட்பட்டது. வீட்டில் பார்க்க எடுத்த சந்தாவை வைத்து மண்டபத்தில் ஓட்டுவது பெரும்பாலும் அந்தச் சந்தாவின் நிபந்தனைக்குள் வராது. அனுமதி கிடைக்காவிட்டால் படத்தை அவரவர் வீட்டில் பார்க்கச் சொல்லிவிட்டு, கருத்துப் பகுதியை மட்டும் கூடி நடத்தலாம். சிரிப்பைக் குறிக்கும் வேலை மட்டும் அப்போது கைநழுவும்.

நடத்துகிறவர் படத்தை முன்கூட்டியே இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை வெறுமனே பாருங்கள். இரண்டாம் தடவை கொப்பியும் பேனையும் எடுத்து 'முடிச்சுத் தாள்' தயாரியுங்கள். 10 முதல் 12 இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: நிமிடம், என்ன நடக்கிறது, படம் நம்மிடம் எதைக் கேட்கிறது, சபை என்ன செய்தது. கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும். ஒரு வரி இப்படி இருக்கலாம்: "47 ஆவது நிமிடம் - கடத்தப்பட்டவன் தன்னைக் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறது என்று கடத்தியவனிடமே சொல்கிறான் - பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில்." பயம் மட்டும் உள்ள இடம் மூன்று, சிரிப்பு மட்டும் உள்ள இடம் மூன்று, மற்றவை கலந்த இடம் என்று பிரித்து எடுங்கள். கலந்த இடங்களில்தான் பார்வையாளர்கள் பிரிவார்கள். 12 க்கு மேல் போனால் இருட்டில் தாளைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

நாளும் மழையும்

தகரக் கூரையின் கீழ் படம் போடுகிறவருக்கு முதல் எதிரி மழை. சாதாரணப் படத்தில் மழை இரைச்சலில் நான்கு வசனம் போனாலும் கதை புரியும். இந்தப் படங்களில் சிரிப்பு, ஒருவன் தாழ்ந்த குரலில் சொல்கிற ஒரு சொல்லில் இருக்கும். அது கேட்காவிட்டால் அந்தக் காட்சி வெறும் அடிதடியாகத் தெரியும். "ரொம்பக் கொடூரமான படம்" என்று ஒரு சபை முழுவதும் சொன்னால், அன்றைக்கு மழை பெய்ததா என்று முதலில் பாருங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. அங்கே ஜனவரி கடைசி முதல் மார்ச் முற்பகுதி வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை டிசம்பரில் பிடிக்கும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, காற்றுத்தான் அதிகம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இரண்டு பக்கமும் பின்னேரத்து இடிமழை. இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், அதனால் படம் பாதியில் நிற்கும்.

கிழமையில் சனிக்கிழமை இரவே வசதி, மறுநாள் பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம்) இல்லை. கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து, தண்ணி பிடித்து, சமைத்து முடிக்க ஏழு மணியாகும். ஆகவே 7.15 க்குத் தொடங்கி 10 மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற தோட்டமாக இருந்தால் அந்த நாட்களைத் தொடாதீர்கள். ஏற்கனவே இரவிரவாகக் கண்விழித்தவர்கள் இருட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். தூங்கினவரிடம் கருத்துக் கேட்க முடியாது.

மண்டபம்

8 அடி அகல வெள்ளைத் துணி, அதற்கு நாலரை அடி உயரம். துணியை நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் கறுப்புத் துணியோ படங்கோ போடுங்கள். ஒற்றைத் துணி என்றால் வெளிச்சம் ஊடுருவிப் போய், இருட்டான காட்சிகள் சாம்பல் பூத்துத் தெரியும். இந்த வகைப் படங்களில் பல காட்சிகள் இரவில் நடக்கும், அதனால் இது முக்கியம். சாதாரணப் புரொஜெக்டரைத் திரை அகலத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில், அதாவது ஏறத்தாழ 12 அடியில் வைக்கலாம். 3000 லூமன் இருந்தால் போதும். முதல் வரிசை 12 அடிக்கு முன்னால் வர வேண்டாம், கடைசி வரிசை 27 அடிக்கு அப்பால் போக வேண்டாம். அதற்கு அப்பால் நடிகரின் கண் தெரியாது. கண்ணில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இன்னொரு தொல்லை உண்டு. குளிரில் கொண்டுவந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த சூடான மண்டபத்தில் உடனே போட்டால் வில்லையில் பனி பிடித்துப் படம் மங்கும். வில்லையைத் துடைக்கத் துடைக்கக் கீறல்தான் விழும். பெட்டியைத் திறந்து, அரை மணி நேரம் மண்டபத்திலேயே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஒலி விஷயத்தில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, புளூடூத் ஸ்பீக்கர். அதில் ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல் பிந்தி வரும். லெப்டொப்பில் தனியாகப் பார்க்கும்போது உறைக்காது. பெரிய திரையில், ஒருவன் வாயைத் திறந்து மூடிய பிறகு சொல் வந்தால் சிரிப்பு செத்துவிடும். சிரிப்புக்கு நேரம்தான் உயிர். வயர் போட்டே இணையுங்கள், 10 மீற்றர் வயர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு, பல ஸ்பீக்கர்களுக்கென்று பதிவான ஒலித்தடத்தை இரண்டு ஸ்பீக்கரில் ஓட்டுவது. வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கும், அது இரண்டு பக்கமும் சரியாகக் கலக்காவிட்டால் துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளக்கும், பேச்சு முணுமுணுப்பாகும். விஎல்சி போன்ற செயலிகளில் ஒலி அமைப்புக்குள் போய் ஸ்டீரியோ என்பதைத் தெரிவு செய்து, முதல் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். மூன்று, சீமெந்துச் சுவர் எதிரொலி. பின்சுவரில் நாலைந்து கம்பளியைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கரின் அடித்தொனியைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். சோதிப்பதற்கு ஓர் எளிய வழி: கடைசி வரிசையில் ஒரு பாட்டியை உட்கார வைத்து, ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

காற்றுக் காலத்தில் டர்பன்டைன் மரக் கிளை விழுந்தால் கரண்ட் போகும். 20 நிமிடத்துக்குள் வந்தால் மூன்று நிமிடம் பின்னால் போய்த் தொடருங்கள். அதற்கு மேல் போனால் படத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள். அறுந்த மர்மத்தை ஒட்டவைத்து எடுக்கிற கருத்து படத்தைப் பற்றியதாக இருக்காது.

படம் தொடங்குமுன்

"வித்தியாசமான படம்", "செம டுவிஸ்ட் இருக்கு" போன்ற அறிமுகம் வேண்டவே வேண்டாம். திருப்பம் இருக்கிறது என்று தெரிந்தவர் முதல் காட்சியிலிருந்தே அதைத் தேடத் தொடங்குவார், சிரிக்க மறந்துவிடுவார். இவ்வளவு போதும்: "ஒரு குற்றம் நடக்கிற கதை. சிரிப்பும் இருக்கு. நீங்க எப்ப சிரிக்கிறீங்க, எப்ப பேசுறீங்கன்னு ரெண்டு பேர் எழுதுவாங்க. பேர் எழுத மாட்டோம். சத்தத்தைப் போன்ல பதிவோம், வேலை முடிஞ்சதும் அழிச்சிருவோம். விருப்பமில்லாதவங்க சொல்லுங்க." யாராவது விருப்பமில்லை என்றால் ஒலிப்பதிவை விட்டுவிட்டுக் கையால் மட்டும் குறியுங்கள்.

குறிப்பெடுப்பது

குறிப்பாளர் இருவரும் திரைக்குப் பக்கத்தில் இரண்டு ஓரமாக, சபையின் முகம் தெரியும்படி உட்கார வேண்டும். திரையைப் பார்க்கக் கூடாது. இதனால்தான் படத்தை முன்பே பார்க்கச் சொன்னது. டோர்ச் வாயில் சிவப்பு டொபி உறையை இரண்டு மடிப்பாகக் கட்டினால் வெளிச்சம் யாரையும் உறுத்தாது. தணிக்கைச் சான்றிதழ் திரையில் வரும் நொடியில் இருவரும் கடிகாரத்தைத் தொடக்க வேண்டும், ஒலிப்பதிவையும் அப்போதே தொடக்குங்கள். பிறகு நிமிடம் பார்த்து ஒப்பிடுவது இலேசு.

நான்கு எழுத்துப் போதும். 'சி' சிரிப்பு, 'மௌ' மௌனம், 'பே' பக்கத்தவரோடு பேச்சு, 'எ' எழுந்து போனது. ஒவ்வொன்றோடும் 1, 2, 3: சிலர், பாதிப்பேர், எல்லோரும். "47 சி2 பே1" என்றால் அந்த இடத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள், சிலர் கூடிப் பேசினார்கள். ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்று பிரித்துக் குறியுங்கள், சபை அப்படித்தான் உட்காரும். இரண்டு தாளையும் பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே நிமிடத்தில் ஒரு பக்கம் 'சி3', மற்றப் பக்கம் 'மௌ3' என்று வருகிற இடங்கள் இரண்டு மூன்றாவது இருக்கும். நீங்கள் எழுதப்போகிறதின் சதை அதுதான்.

சிரிப்பு எல்லாம் ஒன்றல்ல. ஒரே நேரத்தில் வெடிக்கிற சிரிப்பு, ஒருவர் தொடங்கி மற்றவர் சேர்கிற சிரிப்பு, கொல்லை வாயில் பக்கம் நிற்கிற பையன்கள் வேண்டுமென்றே போடுகிற சிரிப்பு. மூன்றாவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவதை வட்டமிட்டு வையுங்கள். அது பெரும்பாலும் "இதுக்குச் சிரிக்கலாமா" என்று தயங்கி வந்த சிரிப்பு. மறுநாள் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

இடைவேளைச் சீட்டு

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடைவேளை என்று எழுத்து வந்ததும் விளக்கைப் போட்டு, தேத்தண்ணி கொடுக்குமுன் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவு சீட்டு ஒன்று கொடுங்கள். ஒரே கேள்வி: "இனி என்ன நடக்கும்?" ஒரு வரி, பெயர் வேண்டாம், மூன்று நிமிடம். மடித்து டின்னில் போடச் சொல்லுங்கள்.

காரணம் இது. படம் முடிந்ததும் சபையில் பாதிப்பேர் "எனக்கு முன்னமே தெரியும்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, முடிவு தெரிந்த பிறகு அப்படித்தான் தோன்றும். சீட்டைப் பார்த்தால் 36 பேரில் எத்தனை பேர் உண்மையில் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துவிடும். ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் திருப்பம் வேலை செய்திருக்கிறது, அல்லது கதை துப்பே கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறது. எது என்பதை "திரும்பப் பார்த்தா இந்த இடத்துல சொல்லியிருந்தாங்க" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

எழுத வராத பெரியவர்களுக்கு ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகள் பாடசாலைத் தமிழுக்கு மாற்றிவிடுவார்கள். "அவென் தப்பிச்சிருவான்" என்று பாட்டி சொன்னதை "அவர் தப்பித்துவிடுவார்" என்று எழுதினால், பாட்டி அந்தப் பாத்திரத்துக்கு மரியாதை கொடுக்கவில்லை என்ற செய்தி போய்விடும். வாயில் வந்தபடியே எழுதச் சொல்லுங்கள்.

படம் முடிந்ததும்

விளக்குப் போட்டதும் பேசவிடாதீர்கள். முதலில் இரண்டாவது சீட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சு. முன்வரிசையில் இருக்கிற ஒரு அண்ணன் "சூப்பர்" என்று சொல்லிவிட்டால் பின்னால் இருக்கிற பத்துப் பேருக்கும் அதுவே கருத்தாகிவிடும். இரண்டாவது சீட்டில் இரண்டு கேள்வி: "யார் மாட்டக் கூடாதுன்னு நெனச்சீங்க?" "எந்த இடத்துல சிரிச்சுட்டு சங்கடமா இருந்துச்சு?"

இந்த இரண்டும் ஏன் என்றால், குற்றச் சிரிப்புப் படம் நம்மைக் குற்றவாளியின் பக்கம் இழுத்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குகிறது. யாரின் பக்கம் போனோம் என்பது முதல் கேள்வி, போனதை உணர்ந்தோமா என்பது இரண்டாவது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்காதீர்கள். பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 போட்டால் சராசரி 3 என்று வரும். அந்த 3 ஐ நினைத்தவர் சபையில் ஒருவரும் இருக்கமாட்டார்.

பேச்சுக்கு 20 நிமிடம். 10 மணிக்கு மேல் இழுக்காதீர்கள். மேட்டு லயத்துக்கு, அதாவது மேலே இருக்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறிப் போகிறவர்களுக்கு வழியில் விளக்கில்லை. பெண்கள் பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படம் முடிந்த கையோடு போய்விடுவார்கள். அவர்கள் கருத்தில்லாமல் போயிற்று என்று விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. மறுநாள் ஞாயிறு, துணி துவைக்கிற நேரத்தில் பீலியடியில் (தண்ணி விழுகிற இடத்தில்) பெண் குறிப்பாளர் போய்ப் பேசட்டும். வட்டமாக உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காதவர், துணியைப் பிழிந்துகொண்டே பத்து நிமிடம் சொல்வார். கொழுந்து நிறுக்கிற இடத்திலோ வேலை நேரத்திலோ கேட்க வேண்டாம், தொரைமாரும் (தோட்ட அதிகாரிகள்) கணக்குப்பிள்ளையும் நிற்கிற இடத்தில் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு நல்ல வழி, கதை சொல்ல வைப்பது. படம் பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, "அக்கா, நேத்துப் பாத்த கதைய இந்தத் தம்பிக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எங்கே தொடங்குகிறார், எதை விடுகிறார், எந்த இடத்தில் தானே சிரித்துவிடுகிறார் என்று குறியுங்கள். இப்படி மூன்று பேரைச் சொல்ல வைத்து, மூவரும் ஒரே உபகதையை விட்டுவிட்டால் அந்த உபகதை படத்தில் ஒட்டவில்லை. "படம் இழுவை" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ துல்லியம்.

சிரிக்காத இடங்கள்

மௌனத்தை எல்லாம் "புரியவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். சென்னைப் பேச்சு வேகமாகப் போகும்போது பெரியவர்களுக்குச் சில சொல் பிடிபடாது, அது உண்மை. ஆனால் புரிந்தும் சிரிக்காத இடங்கள் உண்டு. ஒருவனை வானுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்துகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் திரையரங்கில் அதற்குச் சிரிப்பு வரும். வெள்ளை வான் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இருக்கிற பொருள் வேறு: ஆளைக் கடத்திக் காணாமல் ஆக்குகிற வண்டி. யுத்த காலத்தில் பிள்ளையைக் காணாமல் தேடிய குடும்பங்களும், சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்களும் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் 'மௌ2' என்று விழுந்தால், அது படத்தை இங்கிருந்து பார்ப்பது என்றால் என்ன என்பதைச் சொல்கிற மௌனம். அதைத் தோண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், எழுதலாமா என்று அனுமதி வாங்குங்கள். கடன் வசூலிக்க வருகிறவன் கேலிப் பாத்திரமாக வருகிற காட்சியிலும் இப்படி நடக்கலாம், நுண்கடன் எடுத்த பெண்கள் சபையில் இருப்பார்கள். ஆனால் அங்கே மௌனத்துக்குப் பதில் பெரிய சிரிப்பும் வரலாம். இரண்டும் கருத்துதான்.

"கள்ளன் ஜெயிக்கிறான், இது என்ன படம்" என்று பெரியவர்கள் சொல்வதையும் பழைய ஆட்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்கக் கூடாது. பாரதியின் பாஞ்சாலி சபதத்து வரியில், சூது தருமத்தைக் கவ்வும் என்பதோடு தருமம் மறுபடி வெல்லும் என்ற பாதியும் இருக்கிறது. 'சூது கவ்வும்' என்ற படத்தின் பெயர் முதல் பாதியோடு நின்றுவிட்டது. மற்றப் பாதியை மனதில் வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்த தாத்தாவுக்கு, படம் வேண்டுமென்றே ஒன்றைத் தராமல் விட்டிருக்கிறது. அவர் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

பிரித்து எழுதுவது

சீட்டுகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: கதை பற்றியது, சிரிப்பும் பயமும் கலந்த விதம் பற்றியது, நியாயம் பற்றியது, மண்டபம் பற்றியது. "சத்தம் கேக்கல", "குளிர் தாங்கல" எல்லாம் நாலாவது. அதைக் கட்டுரைக்குள் கொண்டுவராதீர்கள், அடுத்த காட்சிக்கு உங்களுக்கே பயன்படும். ஆனால் நாலாவது குவியல் பத்தைத் தாண்டினால் மற்ற மூன்றையும் நம்ப வேண்டாம்.

40 பேருக்கு வீதக் கணக்குப் போடாதீர்கள். "35 வீதமானோர்" என்று எழுதினால் பெரிய ஆய்வு போலத் தோன்றும், உண்மையில் அது 14 பேர். "40 பேரில் 14 பேர்" என்றே எழுதுங்கள்.

கட்டுரை 600 முதல் 800 சொல். தலைப்பிலும் முதல் பாதியிலும் இடைவேளைக்குப் பிறகு நடப்பது எதுவும் வரக் கூடாது. அதற்குப் பிறகு "இனிக் கதையின் முடிவும் வரும்" என்று தனி வரி போட்டுவிட்டு எழுதுங்கள். கதைச் சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் போகாமல் பாருங்கள். வாசகர் தேடி வருவது சபையை, கதையை அவர் வேறெங்கும் படித்துக்கொள்வார்.

"படம் விறுவிறுப்பாக இருந்ததாகப் பலரும் தெரிவித்தனர்" என்ற வரியை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம். அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு பெண்ணின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஆண்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் ஒருவர் சொன்னார்: சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்தப் பொண்ணோட தாய் கீழ நிக்கிறா, அதப் பாத்தோன்ன அடங்கிருச்சு." இதில் காட்சி இருக்கிறது, பிளவு இருக்கிறது, காரணமும் இருக்கிறது. நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கருத்துகள் மோதுகிற இடத்தில் நடுவராக நிற்காதீர்கள், இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். உங்கள் தீர்ப்பைச் சொல்ல விரும்பினால் தனிப் பந்தியில், உங்களுடையது என்று தெரியும்படி சொல்லுங்கள்.

பெயர் போடாவிட்டாலும் தோட்டத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். "பிள்ளை மடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) வேலை செய்யும் பெண்" என்று எழுதினால் அந்த டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், அது ஒருவர்தான். "ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்" என்பதோடு நிறுத்துங்கள். பொலிசைப் பற்றியோ தோட்ட நிர்வாகத்தைப் பற்றியோ ஒருவர் படத்தை ஒட்டிச் சொன்னது இருந்தால் வயதையும் எடுத்துவிடுங்கள்.

வெளியிடுமுன் அடுத்த வாரம் அதே மண்டபத்தில் அரை மணி நேரம் ஒதுக்கிச் சத்தமாக வாசியுங்கள். "நான் அப்படிச் சொல்லல" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். வாசிக்கும்போது சபை மறுபடி சிரிக்கிற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் மௌனமாக இருந்த ஒரு காட்சிக்கு இப்போது சிரிப்பு வந்தால் அதை ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒலிப்பதிவை அவர்கள் முன்னாலேயே அழித்துவிட்டு, சீட்டுகளைப் படத்தின் பெயரும் திகதியும் எழுதிய உறையில் போட்டு ஒட்டி வாசிகசாலை அலுமாரியில் வையுங்கள்.